தகரக் குதிரை வாங்கப் போகிறீர்களா? சிட்ரோயன் 2சிவி6 ஒரு மதிப்புரை

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் சிட்ரோயன் 2சிவிக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்த வண்டிக்குப் பல் இருப்பது அடியில். விற்பவர் பானட்டைத் தூக்கி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, "கேளுங்கள், எப்படி ஓடுகிறது!" என்பார். அதற்குள் ஒரு டார்ச்சோடு தரையில் படுத்துவிடுங்கள். இன்ஜின் சத்தத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

1948 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான சிறிய பிரெஞ்சுக் கார் இது. 1990 ஜூலை 27 அன்று போர்த்துகலின் மங்குவால்தே ஆலையில் கடைசி வண்டி இறங்கியது. 'சிவி' என்றால் பிரெஞ்சில் குதிரைத்திறன்; பெயரில் உள்ள இரண்டு 'குதிரை' பிரான்ஸின் பழைய வரிக்கணக்குக் குதிரை. இன்ஜினின் உண்மையான சக்தி அதைவிட அதிகம். நாற்பது ஆண்டுகளில் 375 சிசியில் தொடங்கி 602 சிசி வரை பல இன்ஜின்கள் வந்தன. இங்கே பார்ப்பது கடைசித் தலைமுறையை மட்டும்: 1981 நடுவில் முன்பக்க டிஸ்க் பிரேக் வந்த பிறகு செய்த 602 சிசி 2சிவி6. தினமும் ஓட்டும் எண்ணத்தோடு வாங்குவதற்கு ஏற்றது இதுதான். அதற்கு முந்தையவை அழகானவை, ஆனால் இன்றைய போக்குவரத்தில் டிரம் பிரேக்கை நம்பி ஓட்டக் கூடுதல் பொறுமை வேண்டும்.

ஸ்பெஷல், கிளப், டாலி, சார்ல்ஸ்டன் என்று விளம்பரங்களில் பெயர்கள் வரும். கிளப்புக்குச் சதுர ஹெட்லைட், சார்ல்ஸ்டனுக்கு இரட்டை வண்ணமும் வட்ட ஹெட்லைட்டும், டாலி என்பது ஸ்பெஷலுக்கே இரட்டை வண்ணம் அடித்தது. மெக்கானிக்கலாக எல்லாம் ஒன்றே. சார்ல்ஸ்டன் என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பது பெயின்டுக்குக் கொடுக்கும் காசு. 1980இல் வந்த முதல் சார்ல்ஸ்டன் வண்டிகளில் டிரம் பிரேக்தான் இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சேசிஸ்

2சிவியின் பாடி சேசிஸ் மேல் போல்ட் போட்டு உட்கார வைத்த ஒரு தகரப் பெட்டி. எடையைத் தாங்குவது அடியில் உள்ள தட்டையான சேசிஸ்தான். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் குறுக்குத் துண்டுகள், எல்லாம் ஸ்பாட் வெல்டிங், அதாவது புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தது. தகடு மெல்லியது. உள்ளே போன தண்ணீரும் சேறும் சுலபமாக வெளியே வராது. அதனால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

பார்க்கும் முறை இப்படி. முதலில் வண்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். முன் கதவுக்கும் அதன் முன்னால் உள்ள தூணுக்கும் இடையே இருக்கும் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு முனையில் விரல் போகும் அளவும் மறு முனையில் காகிதம் போகும் அளவும் இருந்தால் சேசிஸ் வளைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் இதை 'வாழைப்பழம்' என்றே சொல்வார்கள். பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் இருக்கும்போது சுகமாக மூடிய கதவு தூக்கியதும் இடித்தால், சேசிஸ் தாங்கவில்லை, பாடிதான் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்து படுத்துக்கொண்டு, மேல் தகடும் கீழ்த் தகடும் சேரும் ஓரத்தை நெடுகப் பாருங்கள். அந்த இணைப்பு கோடு போல நேராக ஓட வேண்டும். ஸ்பாட் வெல்டுக்கும் ஸ்பாட் வெல்டுக்கும் நடுவில் உதடு பிதுங்கியது போல வீங்கியிருந்தால், இரண்டு தகட்டுக்கும் இடையில் துரு பருத்து அவற்றைப் பிரிக்கிறது என்று அர்த்தம். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்கும். கெட்டது தொப்பென்கும், உள்ளே பொடி உதிரும் சத்தமும் வரும். முன் ஆக்சில் குழாய் போல்ட் போட்ட இடத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். விற்கப்போகும் வாரத்தில் பூசிய தார் எதையாவது மூடத்தான். அங்கங்கே ஒட்டுத்தகடு வெல்டிங் செய்திருந்தால், ஒட்டு உறுதியாக நிற்கும், அதன் பக்கத்தில் உள்ள பழைய தகடு அடுத்துக் கிழியும். ஒன்றிரண்டு ஒட்டு இருக்கலாம். ஒட்டுக்கு மேல் ஒட்டு என்றால் விலையில் ஒரு புது சேசிஸைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

நல்ல செய்தி: புது சேசிஸ் கிடைக்கிறது, அதுவும் கால்வனைஸ் செய்தது, அதாவது துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசியது. பிரான்ஸில் காசி ஊரில் உள்ள '2சிவி மெஹாரி கிளப் காசி' போன்ற உதிரிபாகக் கடைகள் அதைப் புதிதாகவே விற்கின்றன. வேறொரு காருக்கு சேசிஸையே மாற்றுவது என்றால் மலைப்பாக இருக்கும். இந்த வண்டிக்கு அது பொறுமை கேட்கும் வேலை, அவ்வளவுதான். பானட் பக்கவாட்டில் நழுவிக் கழன்று வரும். முன் விங்குகள் (மட்கார்டுகள்) சில போல்டில் வந்துவிடும். கதவுகளும் அப்படியே. ஸ்டியரிங், பிரேக் குழாய், வயரிங், கேபிள்கள், கியர் கம்பி ஆகியவற்றைப் பிரித்துவிட்டால், பாடியை நாலு பேர் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். பிறகு இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில்கள், ஸ்பிரிங் குழாய்கள், டேங்க் எல்லாம் புதியதற்கு இடம் மாறும்.

பாடியைப் பிடித்திருக்கும் போல்ட்கள் எம்7 அளவு, தலைக்கு 11 மி.மீ. ஸ்பேனர். இந்த அளவு மற்ற கார்களில் அபூர்வம். உள்ளூர்க் கடையில் எம்8 வாங்கி ஓட்டையைப் பெரிதாக்கிய முந்தைய உரிமையாளர்களின் கைவேலையை நிறைய வண்டிகளில் பார்க்கலாம். அரைவாசி போல்ட் துருப்பிடித்து முறியும். எனவே முதலிலேயே ஒரு முழு செட் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பாடியில் துரு பிடிக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: டிரைவர் காலடித் தரை, கதவுக்குக் கீழ் உள்ள சில், டிக்கித் தரை, பின் தூணின் அடிப்பகுதி, கண்ணாடிக்குக் கீழே காற்றுக்காகத் திறக்கும் நீளமான மூடியின் அடி ஓரம். தரை மிதியை முழுக்க எடுத்துவிட்டுப் பாருங்கள். சீட் பெல்ட் பிடித்திருக்கும் இடங்களில் துரு இருந்தால் பேரம் பேச வேண்டாம், அதைச் சரிசெய்த பிறகே வண்டியை எடுங்கள். எல்லாத் தகடும் தனித்தனியாகக் கிடைக்கும், ஆனால் டிங்கரிங் கூலி தகட்டின் விலையைவிட எப்போதும் பெரிது. கடைசி ஆண்டுகளில் போர்த்துகலில் செய்த வண்டிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. ஆலையின் பெயரைவிட அந்த வண்டி முப்பது ஆண்டுகள் எங்கே நின்றது என்பதே பெரிய விஷயம். கடற்கரை ஊரில் வெளியே நின்ற வண்டியும் மேட்டு நிலத்தில் கொட்டகைக்குள் நின்ற வண்டியும் ஒன்றல்ல.

பிரேக்: பச்சையா, மஞ்சளா

2சிவியில் அதிகமாக நாசம் செய்த தவறு இதுதான். டிஸ்க் பிரேக் வந்த வண்டிகளில் பிரேக் சர்க்யூட்டுக்குப் போகவேண்டியது எல்எச்எம் என்னும் பச்சை மினரல் எண்ணெய், சிட்ரோயனின் டிஎஸ் போன்ற ஹைட்ராலிக் வண்டிகளுக்குப் பயன்படுத்தும் அதே எண்ணெய். முழுக்க டிரம் உள்ள பழைய வண்டிகளுக்குச் சாதாரண மஞ்சள் டாட் பிரேக் ஆயில். இரண்டுக்கும் ரப்பர் வேறு. எல்எச்எம் வண்டியில் டாட் ஆயிலை ஊற்றினால் சீல்கள் ஊறி வீங்கும். முதலில் பெடல் திரும்பி வரத் தாமதிக்கும், பிறகு பிரேக் பிடித்தபடியே நிற்கும். இதைத் தெரியாத பொது மெக்கானிக் ஒருவர் நல்லெண்ணத்தோடு 'டாப் அப்' செய்தாலே போதும்.

வண்டியைப் பார்க்கும்போது ரிசர்வாயர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தெளிவான பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாகவோ, கலங்கலாகவோ, இன்னதென்று சொல்ல முடியாத நிறத்திலோ இருந்தால் ஒரு சின்ன சோதனை: ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டு விடுங்கள். எல்எச்எம் என்றால் எண்ணெய் போல மேலே மிதக்கும். டாட் என்றால் தண்ணீரோடு கலந்துவிடும். கலந்துவிட்டால், மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், வீல் சிலிண்டர் ஆகியவற்றின் சீல்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். எண்ணெயை மட்டும் வடித்து மாற்றினால் தீராது; ரப்பர் ஏற்கெனவே கெட்டுவிட்டது.

முன் டிஸ்குகள் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸின் இரு பக்கமும் உள்ளே இருக்கின்றன. இதனால் சக்கரத்தின் பாரம் குறைகிறது. விலையாக, கியர்பாக்ஸின் வெளியேறும் தண்டில் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேராக டிஸ்கில் விழும். டிரைவ் ஷாஃப்டின் உள் பூட் கிழிந்தால் கிரீஸும் அங்கேதான் தெறிக்கும். பிரேக் ஒரு பக்கமாக இழுத்தால் பேடை மாற்றும் முன் இந்த இரண்டையும் பாருங்கள். ஹேண்ட்பிரேக்கும் அதே முன் டிஸ்கைத்தான் பிடிக்கிறது, தனியாகச் சின்னப் பேடுகளால். இந்தப் பேடுகளைச் சரிசெய்யும் எக்சென்ட்ரிக் (மையம் விலகிய திருகு) பல ஆண்டு தொடாமல் இறுகிப் போயிருக்கும். ஹேண்ட்பிரேக் பிடிக்காத 2சிவி என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். கேபிளை இழுத்து இழுத்து இறுக்குவதில் பயனில்லை. வேலை செய்யும்போது முன் விங்கைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் செய்யப்போய் இரண்டு மணி நேரம் கையைக் கிழித்துக்கொள்வதற்கு அது மேல்.

பின் டிரம்மைக் கழற்ற 44 மி.மீ. சாக்கெட்டும், நீளமான கம்பியும், புல்லரும் வேண்டும். அந்த நட் 350 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுகியிருக்கும். வீட்டில் அது இல்லையென்றால் இந்த ஒரு வேலையை வெளியே கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

கிங்பின்னும் ஸ்பிரிங்கும்

முன் சக்கரத்தைத் தூக்கி, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடுவது எது என்று டார்ச் வைத்துக் கவனிக்க வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் ஆர்மோடு ஒப்பிட்டால் நக்கிள் (ஸ்டியரிங்கோடு திரும்பும் துண்டு) ஆடுகிறது என்றால், அது திரும்பும் அச்சாணியான கிங்பின் தேய்ந்திருக்கிறது. நக்கிள் அசையாமல் ஹப் மட்டும் ஆடினால் பேரிங். கிங்பின் தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: கிரீஸ் அடிக்காதது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அடித்தால் பல்லாண்டு உழைக்கும். சக்கரம் தரையில் இருக்கும்போது அடிக்கக் கூடாது. பாரம் இருக்கும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பிக்கொண்டே, பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். கிங்பின் தேய்ந்துவிட்டால் பிரஸ்ஸும், துளையை அளவாகச் சீவும் ரீமரும் தேவை. புஷ்ஷைப் போட்டுவிட்டு ரீமர் ஓட்டாமல் பின்னை அடித்து இறக்கினால் ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

சஸ்பென்ஷன்தான் இந்த வண்டியின் அழகு. ஒவ்வொரு பக்கமும் முன் சக்கரமும் பின் சக்கரமும் சேசிஸை ஒட்டிப் படுத்திருக்கும் ஒரே குழாய்க்குள் உள்ள ஸ்பிரிங்குகளால் இணைந்திருக்கின்றன. முன் சக்கரம் மேட்டில் ஏறும்போதே பின் பகுதி தயாராகிவிடும். பள்ளம் மேடான சாலையில் இதைவிட விலை உயர்ந்த வண்டிகளுக்கு இந்தச் சுகம் இல்லை. குழாய் வறண்டால் பழைய கட்டில் போலக் கிறீச்சிடும். அதற்குள் விளக்கெண்ணெய் விடுவது பழைய வழக்கம், ரப்பரைக் கெடுக்காது என்பதால். சேசிஸ் மாற்றிய வண்டியில் குழாயிலிருந்து சக்கர ஆர்முக்குப் போகும் கம்பிகளின் மரையைத் திருகி உயரத்தை அளந்து வைத்தார்களா என்று கேளுங்கள். மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வண்டியில் ஸ்டியரிங் சரியாக இருக்காது.

இன்ஜின்

இதில் பயப்பட ஒன்றுமில்லை. காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் பம்ப் இல்லை, ஹெட் கேஸ்கெட்டும் இல்லை. ஹெட் நேராக சிலிண்டர் மேல் உட்காருகிறது. 29 குதிரைத்திறன், சுமார் 600 கிலோ எடை, உச்ச வேகம் மணிக்கு 115 கி.மீ. அளவில். நூறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 லிட்டர் குடிக்கும். பிரான்ஸின் மாவட்டச் சாலைகளில் 80இல் போக இது அருமையான வண்டி. 130 ஓடும் நெடுஞ்சாலையில் லாரிக்கும் உங்களுக்கும் ஒரே வலது ஓரம்தான்.

ஆயில் கசிவைக் கண்டதும் சீல் மாற்றக் கிளம்பாதீர்கள். இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து ஒரே நேரத்தில் வெளியே போவதால், கிராங்க்கேஸுக்குள் காற்று அமுங்கி விரிகிறது. ஆயில் ஊற்றும் குழாயில் உள்ள பிரீதரின் ரப்பர் வால்வு அந்தக் காற்றை வெளியே மட்டும் விட்டு, உள்ளே லேசான வெற்றிடத்தை வைத்திருக்கிறது. அந்த ரப்பர் காய்ந்துபோனால் உள்ளழுத்தம் ஏறி, இன்ஜின் எல்லா மூட்டிலும் வியர்க்கும். ஒரு பிரீதர் மாற்றினால் நான்கு கசிவு நிற்பது சகஜம். அதற்குப் பிறகும் புஷ்ராட் குழாய் அடியில் சொட்டினால் ஹெட்டைக் கழற்றிச் சீல் போட வேண்டும். ஹெட் நட் 20 முதல் 23 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் வேண்டாம்.

டாப்பெட் (வால்வு) இடைவெளி இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.20 மி.மீ., இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. இடது எக்ஸாஸ்ட் முழுக்கத் திறந்திருக்கும்போது வலது எக்ஸாஸ்டைச் சரிசெய்யுங்கள். மற்றவையும் அதே மாதிரி எதிரெதிராக. ஸ்பார்க் பிளக்கைக் கையால் திருகி உட்கார வைத்த பிறகே ஸ்பேனர் எடுக்கவும். அலுமினிய மரை ஒருமுறை போனால் ஹெலிகாயில் (புது மரையாகச் செருகும் கம்பிச்சுருள்) தான். ஆயில் ஃபில்டரோடு மாற்றும்போது சுமார் 2.5 லிட்டர், 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. கியர்பாக்ஸுக்கு 0.9 லிட்டர் ஈபி80.

தொல்லை கொடுப்பது இக்னிஷன் பாயின்ட், அதாவது பிளக்கில் பொறி வர மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை. அது விசிறிக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. கிரில்லையும் காவல் வலையையும் எடுத்து, ஆழத்தில் இருக்கும் ஒற்றை போல்டை நீளமான சாக்கெட்டால் கழற்றினால் விசிறி வரும். கூம்பு வடிவத் தண்டில் இறுகியிருக்கும் விசிறியைக் கையால் பிடித்து ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். பின்னால் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினால் அங்கேயே இருக்கும் ஆயில் கூலரின் சிறகுகள் கிழியும். பாயின்ட் இடைவெளி 0.4 மி.மீ. டைமிங் பார்க்க, கிராங்க்கேஸின் இடது பக்கத் துளையில் 6 மி.மீ. கம்பியை விட்டு ஃபிளைவீலைப் பூட்டி, காயிலின் நெகட்டிவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட் பல்பை வைத்தால், பாயின்ட் திறக்கும் கணத்தில் எரியும். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் எரிகிறதா என்று பாருங்கள். வேறிடத்தில் எரிந்தால் கேம் தேய்ந்திருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் கண்டென்சர் சூட்டில் வேகும். சூடானதும் இருமி நின்று, ஆறியதும் நல்ல பிள்ளையாக ஓடும் வண்டியில் முதல் சந்தேகம் கண்டென்சர், அடுத்தது காயில். இதையெல்லாம் ஒரேயடியாக மறக்க நினைத்தால் 123 எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாம்; பழமை கெடும் என்பவர்கள் கெடட்டும் என்று விடுங்கள், வெளியிலிருந்து தெரியாது.

பயப்பட வேண்டிய ஒரே சத்தம் அடியிலிருந்து வரும் கனத்த தட்டல். கிராங்க்ஷாஃப்டும் கனெக்டிங் ராடும் ஆலையில் அழுத்திச் சேர்த்த ஒரே உருப்படி. பிக் எண்ட் (ராடு கிராங்க்கோடு சேரும் இடம்) போனால் முழு கிராங்க்கையும் மாற்ற வேண்டும், வெறும் பேரிங் மாற்ற வழியில்லை.

எக்ஸாஸ்டில் உள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் சோதிக்க வேண்டும். கேபின் சூடு அங்கிருந்துதான் வருகிறது. ஹீட்டரைத் திறந்ததும் புகை நாற்றம் வந்தால் அந்தப் புகையோடு கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவும் வருகிறது; 'பழைய வண்டி வாசனை' என்று விற்பவர் சொல்வதை ஏற்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது கியர் கைப்பிடி டாஷ்போர்டிலிருந்து குடைப்பிடி போல நீண்டிருக்கும். இடப்பக்கம் திருப்பி இழுத்தால் முதல் கியர், தள்ளினால் ரிவர்ஸ். நேராகத் தள்ளினால் இரண்டு, இழுத்தால் மூன்று, வலப்பக்கம் திருப்பித் தள்ளினால் நான்கு. இரண்டாவதுக்குக் குறைக்கும்போது கரகரத்தால் சின்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. வளைவில் வண்டி படகு போலச் சாயும். அது கோளாறு அல்ல, அதன் இயல்பு. டயர் 125 ஆர்15. டயரின் பட்டன் தேயாமல் இருந்தாலும் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள், முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. காற்று முன்னால் 1.4 பார், பின்னால் 1.8.

பிரான்ஸில் வாங்கினால், விற்பவர் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கோந்த்ரோல் தெக்னீக் (வாகனத் தகுதிச் சோதனை) அறிக்கை தர வேண்டும். அதில் அரிப்பு பற்றிய வரிகளை முதலில் படியுங்கள். பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் வண்டியின் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். சேசிஸ் மாற்றிய வண்டியில் அதற்கான ரசீதும் கேளுங்கள். முப்பது ஆண்டு தாண்டிய வண்டியைப் பழமை வாகனமாகப் பதிவு செய்தால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் சோதனை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாகிறது.

குளிர்காலத்துக்காகக் கிரில் மேல் மாட்டும் பிளாஸ்டிக் மறைப்பு ஒன்று டிக்கியில் கிடந்தால் அதுவும் வண்டியோடு சேர்ந்ததுதான், கேட்டு வாங்குங்கள். வெயில் வந்ததும் கழற்ற மறக்காதீர்கள். காற்றை நம்பிக் குளிரும் இன்ஜினின் மூக்கை அடைத்துவிட்டு ஆயில் கூலரைக் குற்றம் சொல்ல முடியாது.